நாலு எஞ்சின் இருந்தால்தான் பிளேன்

கலஹாவிலிருந்து பேராதனைக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். மேலே போன விமானம் எந்த ரகம் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டு கணவர் தொடர்ந்தார்.

"ரெண்டு எஞ்சின்ல நான் ஏறமாட்டேன். நாலு எஞ்சின் இருந்தாதான் பிளேன். மத்ததெல்லாம் றெக்கை வச்ச வேன்."

"மக துபாயிலேருந்து டிக்கெட் அனுப்பிட்டா. பேரப்புள்ளயப் பாக்க வேணாமா?"

"அந்த பிளேன் கம்பெனிக்காரன் தரையில இறக்கும்போது தூக்கிப் போடுவான். வீடியோவுல பார்த்தேன்."

"ஏங்க, இந்த பஸ்ஸுக்கு எத்தனை எஞ்சின்?"

"ஒண்ணு."

"இதுல பள்ளத்து ஓரமா குறட்டை விட்டுக்கிட்டுத்தானே வந்தீங்க? சரி, நான் மட்டும் போயிட்டு வர்றேன்."

பேராதனையில் இறங்க எழுந்தபோது அவர் மெல்லச் சொன்னார்.

"ஜன்னல் சீட்டு எனக்குத்தான்."