எல்லுக்குக் கீழே ஒரு புள்ளி

எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ழகரம் வாயில் நுழையாது. என் தங்கையின் கணவரும் பழத்தைப் பளம் என்றுதான் சொல்வார். அவர் பெயரிலேயே ஒரு ழ இருந்தது. சொந்தப் பெயரையே தப்பாகச் சொல்கிற மனிதரை என்ன செய்வது, ஐயா?

என் வேலை உங்களுக்குத் தெரியும். இந்த ஊர்ப் போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிச் சான்று கொடுப்பேன். ள என்றால் ஆங்கில எல்லுக்குக் கீழே புள்ளி. ழ என்றால் அதே எல்லுக்குக் கீழே சின்னக் கோடு.

அப்போது போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஒரு கொலைகாரனின் பெயரில் இருந்தது ள, மாப்பிள்ளை பெயரில் ழ. மற்றபடி இரண்டும் ஒரே பெயர். மாப்பிள்ளையைப் பிடித்ததும் பெயரை உறுதிசெய்ய என்னிடம்தான் அனுப்பினார்கள். உறவா என்று யாரும் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. புள்ளி வைத்தேன்.

அந்த வாரம் அவர் என் தங்கையை வேறு நாட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தார். அம்மா அப்பா போனபின் அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன். நாலு நாள் உள்ளே இருக்கட்டும், பயணம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள்.

பிறகு எப்படி மாற்றுவது? கோடு போட்டால் நான் மாட்டிக்கொள்வேன். தங்கை அழுது அழுது எழுதிய மனுக்களை நானேதான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் புள்ளிதான். மனைவியே இப்படித்தானே எழுதுகிறாள் என்று தள்ளுபடி செய்தார்கள்.

ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “அண்ணா, அவர் பேரைச் சரியாத்தானே எழுதுற?”

“என் தொழிலையே சந்தேகப்படுறியா?”

மன்னிப்புக் கேட்டாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

போன மாதம் அவர் சிறையிலேயே இறந்துபோனார். சிறையிலிருந்து வந்த கடிதத்தை நான்தான் படித்தேன்; அவளிடம் இன்னும் சொல்லவில்லை, தாங்கமாட்டாள். நேரில் போய்ப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிறாள்.

ழ என்று தெரிந்தேதான் புள்ளி வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், ஐயா. அவள் எங்கேயும் போய்விடக் கூடாதென்று வீட்டை வெளியே பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?