ஆளும் சாமானும் இறங்கியாச்சு

9 நவம்பர் 1977, புதன்

தவறை முதலில் எழுதிவிடுகிறேன். போன வாரம் கம்ப்யூட்டர் வகுப்பில் கொடுத்த புரோகிராமில் ஒரு வரியை ஏழாவது கட்டத்தில் தொடங்க வேண்டியவன், ஆறாவது கட்டத்தில் தொடங்கிவிட்டேன். ஆறாவது கட்டத்தில் எதையாவது எழுதினால், அந்த வரியை மேல் வரியின் தொடர்ச்சி என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் மெட்ராஸில் இருக்கிறது; எழுதிய ஒவ்வொரு வரியையும் அங்கே ஒரு கார்டில் ஓட்டைகளாகத் துளைத்துத்தான் அதற்குக் கொடுப்பார்கள். துளைத்தவர் நான் எழுதியபடியே துளைத்திருக்கிறார். ஒரு வாரம் காத்திருந்ததற்கு அரைப் பக்கம் பிழைகள் வந்தன. இதே தவறுக்காகப் போன மாதம் கூடப் படிக்கும் சிட்டிபாபுவைக் கேலி செய்தவன் நான்.

மீதிப் புரோகிராம் சரி என்றுதான் நினைக்கிறேன். அது பட்டு நூல் இருப்பைக் கணக்குப் போடும். போடும்போதே தான் செய்ததை வரி வரியாக அச்சடித்துக்கொண்டும் போகும். அந்த வரிகளை, எங்களுக்கு வகுப்பு எடுக்கும் சீனிவாசன் சார் லாக் என்கிறார். அதற்கு அவர் இரண்டு விதி வைத்திருக்கிறார். லாகில் கதை எழுதக் கூடாது. எப்போது, எங்கே, என்ன, எவ்வளவு, எல்லாம் அதனதன் கட்டத்தில் நிற்க வேண்டும். அடுத்தது, பிரிண்டர் மகா மந்தம். ஒவ்வொரு வரிக்கும் அதற்காகக் காத்து நின்றால் வேலை நடக்காது. இருபது வரிகளை கம்ப்யூட்டரின் நினைவிலேயே சேர்த்து வைத்து, ஒரே மூச்சில் அச்சடிக்க வேண்டும். இந்த இரண்டாவது விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வகுப்பிலேயே வேகமான புரோகிராம் என்னுடையதுதான் என்று சார் சொல்லியிருந்தார்.

இன்று சார் வரவில்லை. மழையில் பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டவில்லையாம். வகுப்பு நடக்கும் நூல் கடை மாடியில் ஐந்து பேர் காத்திருந்தோம். கரண்டும் போயிற்று. கிருஷ்ணவேணி மெழுகுவத்தி ஏற்றினாள். கோர்ட்டில் டைப்பிஸ்ட் அவள். வாய் சும்மா இருக்காது.

"கரண்ட் ஆபீஸ் ஆளே பக்கத்துல உக்காந்துக்கினு இருக்காரு. நமக்கு வெளிச்சம்தான் இல்ல."

நான் மாகறல் ரோட்டு சப் ஸ்டேஷனில் ஆபரேட்டராகச் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. இதுவரை பகல் ஷிப்ட். நாளை முதல் ராத்திரி ஷிப்ட் என்றேன். சிட்டிபாபு நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தான்.

"நைட்டா? தனியாவா?"

"ஆமாம்."

"அப்ப உனக்கு அங்க யாரும் எதுவும் சொல்லலியாப்பா?"

அவன் பேய்க் கதை சொல்லும் விதம் எனக்கு அருவருப்பு. நேரத்தைச் சொன்னால் வருஷத்தை விட்டுவிடுவான். ஆளைச் சொன்னால் பெயரை விட்டுவிடுவான். நடு நடுவே நாய் ஊளையிடும். இன்றும் அப்படித்தான் ஆரம்பித்தான்.

"மணி பத்தரை... மாகறல் ரோடு... மழ. ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல. சப் ஸ்டேஷன் வாசல்ல ஒரே ஒரு பல்பு. அது... மினுக்கு மினுக்குன்னுது..."

"எந்த வருஷம்? யார் டியூட்டி?" என்றேன்.

"நீ இன்னாப்பா, கதைக்குக் கூட பாரம் பூர்த்தி பண்ணச் சொல்ற."

ஆனாலும் கேட்டு வாங்கினேன். நாய்களை நீக்கி எழுதுகிறேன்.

சிட்டிபாபுவின் சிநேகிதனுக்குத் தாய்மாமன் கோதண்டபாணி. எட்டு வருஷத்துக்கு முன் எங்கள் சப் ஸ்டேஷனில் ஆபரேட்டர். கதையில் லைன் கிளியர் என்று ஒரு வார்த்தை வந்தது. அது என்ன என்று கிருஷ்ணவேணி கேட்டாள். நான் சொன்னேன். கம்பத்தில் ஏறும் முன் லைன்மேன் போன் செய்து அனுமதி கேட்பார். ஆபரேட்டர் அந்த லைனில் கரண்டை நிறுத்தி, யார் கேட்டது, எந்த லைன், எத்தனை மணி என்று எழுதிக்கொண்டு, ஏறலாம் என்பார். வேலை முடிந்ததும் அதே ஆள் திரும்பக் கூப்பிட்டு, "ஆளும் சாமானும் இறங்கியாச்சு, லைன் கிளியர் திருப்பித் தரேன்" என்று சொல்ல வேண்டும். அதுவரை ஸ்விட்சைத் தொடக் கூடாது. இதில் மூளைக்கு வேலையே இல்லை. எழுத வேண்டிய சீட்டில் கட்டங்கள் அச்சடித்தே வருகின்றன.

அந்தக் கட்டங்களை நிரப்புவது கோதண்டபாணிக்குக் கௌரவக் குறைச்சல். "அல்லாம் மண்டையில இருக்குதுப்பா" என்பாராம். ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து, எட்டு மணி நேரத்தையும் நினைவிலிருந்து ஒரே மூச்சில் எழுதிவிடுவார். முத்து முத்தான எழுத்து. ஓர் அடித்தல் கிடையாது. அதிகாரிகள் அந்தச் சீட்டைப் புது ஆட்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள். சேர்ந்த அன்று எனக்கும் காட்டினார்கள். எட்டு மணி நேரம் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரு மனிதனால் எழுத முடியுமா என்று அந்த அதிகாரிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன்.

ஒரு சாயங்காலம் லைன்மேன் யேசுதாஸ், ஓரிக்கை ரைஸ் மில்லிலிருந்து போன் செய்து லைன் கிளியர் கேட்டார். கோதண்டபாணி கரண்டை நிறுத்தினார். எழுதவில்லை. ஷிப்ட் கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினார். அந்த ஒரு வரி மட்டும் நினைவுக்கு வரவில்லை. சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். மாற்று ஆள் வந்து சீட்டைப் பார்த்தார். ஓரிக்கை லைனில் யாரும் இல்லை. பிறகு எதற்கு நிற்கிறது என்று கரண்டைப் போட்டார்.

யேசுதாஸ் மேலே இருந்தார்.

விசாரணை நடந்தது. சீட்டு சுத்தமாக இருந்ததால், கேட்காமலே ஏறிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். கோதண்டபாணி வாயைத் திறக்கவில்லை. பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. இதைச் சொல்லும்போது சிட்டிபாபுவின் குரலில் ஒரு மரியாதை வேறு.

அடுத்த வருஷம், ஐப்பசி. அவன் ஆரம்பித்த அந்த ராத்திரி.

காற்றில் ஓரிக்கைப் பக்கம் கம்பி அறுந்திருந்தது. பழனி என்ற சின்ன வயது லைன்மேன், கல்யாணமாகி ஆறு மாதம், அதே ரைஸ் மில்லிலிருந்து கூப்பிட்டான். லைன் கிளியர் வேண்டும் என்றான். கோதண்டபாணி நிறுத்தினார். "ஏறுப்பா" என்றார். எழுதவில்லை. பெஞ்சில் படுத்துக்கொண்டார்.

தகரக் கூரையில் மழை. டிரான்ஸ்பார்மரின் உறுமல். வேறு சத்தமில்லை.

மணி பத்தரை. போன் அடித்தது... ஒரே ஒரு மணி. நின்றது. மறுபடி ஒன்று. எடுத்தார். முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டதாம். உயரத்திலிருந்து இறங்கி வந்தவன் விடும் மூச்சு. பிறகு குரல்.

"சார்... ஓரிக்கை லைன். ஆளும் சாமானும் இறங்கியாச்சு. லைன் கிளியர் திருப்பித் தரேன்."

குரல் கரகரத்தது. மழை என்று நினைத்துக்கொண்டார். பெயர் என்ன என்று ஒரு கேள்வி. கட்டத்தில் முதலில் அச்சடித்திருக்கும் கேள்வி. அதை அவர் கேட்கவில்லை. மண்டையில் பழனி இருந்தான். அது போதும் அவருக்கு.

குரல் வைத்துவிடவில்லை. காத்திருந்தது.

"எழுதிக்கினீங்களா சார்?"

"எழுதியாச்சு. வைப்பா."

சீட்டு வெறுமையாக இருந்தது. போனை வைக்கும்போது அதன் துளைகளிலிருந்து ஒரு வாடை... முடி கருகின வாடை. ஒயர் எரிகிறதோ என்று மோந்து பார்த்திருக்கிறார். இல்லை. எழுந்து போய் ஓரிக்கை ஸ்விட்சைப் போட்டார்.

உறுமல் ஒரு கணம் கனத்தது. டப். ஸ்விட்ச் தானாகவே விழுந்தது.

விழுந்தால் ஒரு தரம் மறுபடி போட்டுப் பார்ப்பது ஆபரேட்டர்களின் வழக்கம். போட்டார். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, டப்.

போன் அடித்தது. ஒரே ஒரு மணி.

"சார்... நான்தான் சார் இறங்கினேன். அந்தப் புள்ள இன்னும் மேல இருக்குது."

அப்போதுதான் கேட்டார். "யாருப்பா பேசறது?"

"யேசுதாஸ் சார். போன வருஷம் எடுத்தது."

சிட்டிபாபு நிறுத்தினான். மெழுகுவத்தி சடசடத்தது.

விடிந்ததும் பழனியை இறக்கினார்கள். ரைஸ் மில் காவல்காரர் சொன்னாராம்: பழனி பேசிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் புளிய மரம் விழுந்து டெலிபோன் கம்பமே சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த போனிலிருந்து யாரும் எங்கும் பேசியிருக்க முடியாது. கோதண்டபாணி வேலையை விட்டுவிட்டார். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். தெருவில் சைக்கிள் மணி கேட்டாலும், "எழுதிட்டேன், எழுதிட்டேன்" என்று எழுந்து உட்காருவாராம்.

"பாவம்பா அந்த மனுஷன்" என்றாள் கிருஷ்ணவேணி.

எனக்குப் பாவமாக இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த நால்வரும் பயந்தது செத்துப்போன ஒருவரை நினைத்து. அவர் என்ன தவறு செய்தார்? தான் எடுத்த லைன் கிளியரைத் தானே திருப்பிக் கொடுத்தார். லைன் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டீர்களா என்று கேட்கவும் கேட்டார். அந்த ராத்திரி தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான். ஒரு பேனாவை எடுக்கச் சோம்பல்பட்டு இரண்டு பேரைக் கொன்றவனைப் பார்த்து இவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். இதைச் சொன்னேன்.

"உனக்கு இன்னாப்பா, ரெண்டு பேருமே கார்டுல ஓட்டைதான்" என்றான் சிட்டிபாபு. எல்லோரும் சிரித்தார்கள். என் பேச்சு கொஞ்சம் அதிகம்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்றை அவர்களிடம் நான் சொல்லவில்லை. ஷிப்ட் மாறும்போது, இன்னும் திருப்பாத லைன் கிளியர் எத்தனை என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். எங்கள் சீட்டில் ஓரிக்கை லைனுக்கு எதிரே எப்போதும் 2 என்று இருக்கிறது. பத்து நாளாக, முந்தைய சீட்டைப் பார்த்து நானும் 2 என்று எழுதிவருகிறேன். அந்த லைனில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் மேலே இல்லை, ஆனாலும் 2. அதை முதலில் எழுதியது யார், எதைப் பார்த்து எழுதினார் என்று நான் கேட்கவே இல்லை. கோதண்டபாணியைத் திட்ட எனக்கு எவ்வளவு தகுதி என்று தெரியவில்லை.

சாரின் இரண்டாவது விதியைப் பாதி மாற்றப் போகிறேன். நூல் எடை, கட்டு எண்ணிக்கை போன்ற சாதாரண வரிகள் இருபது சேரும்வரை காத்திருக்கட்டும். ஒரு வேலை தொடங்கியது, முடிந்தது, தவறியது என்னும் வரிகள் மட்டும் அந்தந்தக் கணமே அச்சாக வேண்டும். நடுவில் மெஷின் நின்றுபோனால், சேர்த்து வைத்த வரிகள் போன இடம் தெரியாது. எது தொடங்கி முடியாமல் நிற்கிறது என்றாவது காகிதத்தில் இருக்கட்டும். என் புரோகிராம் இனி வேகமானதாக இருக்காது. சார் திட்டுவார்.

மழை விட்டதும் இறங்கினோம். கீழே சிட்டிபாபு என் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். மாடியில் கதை சொன்ன குரல் இல்லை அது.

"அந்தப் பொண்ணுங்க எதிர்ல சொல்லல. உனக்கு முன்னால நைட் பாத்தாரே துரைக்கண்ணு, அவரு ஏன் மாத்தல் வாங்கிக்கினு போனாரு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

போன மாதம் ஒரு ராத்திரி துரைக்கண்ணு போனை எடுத்தாராம். யேசுதாஸ், ஓரிக்கை லைன், திருப்பித் தருகிறேன். எழுதாமல் வைத்துவிட்டார். மறுபடி அடித்தது. பழனி, ஓரிக்கை லைன், திருப்பித் தருகிறேன். அதையும் எழுதவில்லை. மூன்றாம் முறை அடித்தது. இது புதுக் குரல். திருப்பித் தரவில்லை; கேட்டது.

"ஓரிக்கை லைன், சார். லைன் கிளியர் வேணும். ஏறலாமா?"

அன்று ஓரிக்கைப் பக்கம் யாருக்கும் வேலை இல்லை. துரைக்கண்ணு ரிசீவரைப் போட்டுவிட்டு வெளியே ஓடி, விடியும்வரை ரோட்டிலேயே நின்றிருக்கிறார்.

"யாருன்னு கேட்டாரா?" என்றேன்.

"எவன்பா கேப்பான்?" என்றான் சிட்டிபாபு.

முட்டாள்கள். எட்டு வருஷமாக அந்த மேஜையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனுக்கும் பேனாவை எடுக்கத் தெரியவில்லை.

நாளைய வேலை: ராத்திரி ஷிப்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போக வேண்டும். பேனாவில் மை நிரப்பிக்கொள்ள வேண்டும். சீட்டைப் போனுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். யேசுதாஸ் திருப்பினால் நேரம் போட்டு எழுதி, 2 என்பதை 1 ஆக்க வேண்டும். பழனி திருப்பினால் 1 என்பதை அடிக்க வேண்டும். மூன்றாவது ஆள் கூப்பிட்டால், ஏறலாம் என்று சொல்லும் முன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.