சங்கு ஊதுவது யார்?

சுரங்கத்தில் ஷிப்ட் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பண்ருட்டி பஸ் நெய்வேலி மெயின் பஜாரில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த அம்மாள் சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரரு பாட்டுல சங்கு ஊதறது யாருன்னு மெட்ராஸ்ல கேக்கறாங்க."

"எந்தச் சங்குக்கா?"

"மைன்ஸ் சங்குதான். ஷிப்ட் மாறறப்ப ஊதுமே, அதுதான். அவரு ஆர்மோனியத்துல சுருதிக் கட்டை பேசாது. சங்கு ஊதறப்ப சுருதி புடிச்சிக்கினுதான் புதுப் பாட்டு கட்டுவாரு. எல்லா கேசட்டும் சங்குலதான் ஆரம்பிக்கும்."

"அதுக்கும் மெட்ராசுக்கும் என்னக்கா?"

"அங்க பாட்டெல்லாம் சேர்த்து வெக்கிற எடம் ஒண்ணு இருக்குதாம். இவரு கேசட்டையும் வாங்கி வெச்சிக்கினாங்க. இப்ப, சங்கு ஊதறது யாரு, அந்த இரைச்சல எடுத்துடலாமான்னு கேட்டுக்கினு ஆளே வூட்டுக்கு வந்துட்டாரு."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"சங்க எடுக்கறதா இருந்தா பாட்டயும் திருப்பிக் குடுத்துடுங்கன்னுட்டாரு!"

"அய்யோ! அப்புறம்?"

"வந்தவரு சிரிச்சிட்டாரு. கையோட கொண்டாந்த கேசட் மேல எங்க வூட்டுக்காரரு பேர எழுதி, அதுக்குக் கீழ 'சுருதி: நெய்வேலி சங்கு'ன்னு எழுதிக்கினு போனாரு."

சொல்லி வாய் மூடவில்லை, சங்கு ஊதியது. அந்த அம்மாள் அப்படியே அதன் சுருதியைப் பிடித்துப் பாட ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் கூடைமேல் தாளம் போட்டாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர், பாட்டு முடிகிறவரைக்கும் ஊதவில்லை.