விளக்கில்லாத வெளிச்சவீடு

தொண்டை கட்டினாலும் தலைமை விட்டுக்கொடுக்காத எங்கள் அவைத்தலைவர், அருளம்பலம் அண்ணை அவர்களே! கதிரை கிடைத்தவர்களே! கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நின்று என்னை முறைக்கின்ற அன்பர்களே! அடுப்பைத் தணித்துவிட்டு, மனத்தை மட்டும் அடுப்படியில் விட்டுவிட்டு வந்திருக்கின்ற தாய்மாரே! வாசிகசாலைக்குப் பேப்பர் பார்க்க வந்து, தப்பிப் போக வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட பெரியவர்களே! முன்வரிசையில், என் மருமகள் ஷாமினியின் மடியிலே இருந்துகொண்டு, நான் வாய் திறக்க முன்னமே வாய் திறந்து அழுகின்ற ஒன்றரை வயதுச் செல்வமே, கெசியாவே! உங்கள் அத்தனை பேருக்கும் அச்சுவேலிக் கல்லரியும் பிறேமின் தலை தாழ்ந்த வணக்கம்!

கேட்டீர்களா அந்த அழுகையை? ஷாமினி, எழும்பாதே! பிள்ளையை வெளியே கொண்டுபோகாதே! அழட்டும். நெஞ்சு நிறைய அழட்டும். உங்களுக்கு அது இடைஞ்சல். எனக்கு அது நாதஸ்வரம். உங்களுக்கு அது சத்தம். எனக்கு அது சங்கீதம். முந்தாநாள் இந்தக் குரலை இனிக் கேட்போமோ என்று ஆஸ்பத்திரி வாசலிலே ஒற்றைச் செருப்போடு நின்றவன் நான். மற்றச் செருப்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. தேடப் போவதும் இல்லை. தேட வேண்டியதைத் தேடியாகிவிட்டது!

நோட்டீசிலே என்ன போட்டிருந்தது? ‘பிளாஸ்ரிக் கற்களால் அமைந்த பருத்தித்துறை வெளிச்சவீடு, காணத் தவறாதீர்கள்’ என்று போட்டிருந்தது. மேடையிலே என்ன இருக்கிறது? ஒரு பாயும், பாயிலே கொட்டிய கற்குவியலும் இருக்கிறது. ‘வெளிச்சவீடு எங்கை அண்ணை?’ என்று பின்னாலே யாரோ கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பொறுங்கள். அதைச் சொல்லத்தான் ஏறினேன்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு. அதிலும் அரைவாசி. பகலிலே சீமெந்துக் கலவையை அச்சிலே போட்டுக் கல் அரிகிறேன். பின்னேரத்திலே பிளாஸ்ரிக் கல் அடுக்குகிறேன். ஒன்றைத் தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். மற்றதைத் தேடினால் கண் பிடிக்கும். ‘அம்பது வயசிலை விளையாட்டுச் சாமானோ?’ என்று கேட்காத வாய் இந்த ஊரிலே உண்டா? கேட்டவர்கள் கை தூக்க வேண்டாம், மண்டபம் இருண்டுவிடும்!

லண்டனிலே இருக்கின்ற என் மச்சான் முதற்பெட்டியை அனுப்பினார். வாங்கியது என் மனைவி சீலா. பெட்டியின் மூலையைப் பார்த்தாள். பதினெட்டு என்று போட்டு, பக்கத்திலே ஒரு கூட்டல் அடையாளம், வயது வந்தவர்களுக்கு என்று. கதவைச் சாத்தினாள். யன்னலையும் சாத்தினாள்.

“இஞ்சாருங்கோ, என்ரை அண்ணையிட்டைச் சொல்லி என்ன கண்றாவியை எடுப்பிச்சனீங்கள்?”

உடைத்தால் உள்ளே, கல் கல்லாக அடுக்கிச் செய்கின்ற பூச்சாடி! பிளாஸ்ரிக் ரோசாப்பூ! தாய்மாரே, சிரியுங்கள், சிரியுங்கள். அந்தப் பூச்சாடி இன்றைக்கும் எங்கள் விறாந்தையிலே நிற்கிறது. அது வாடாது. தண்ணீர் கேட்காது. தூசு மட்டும் கேட்காமலே சேரும்.

பிறகு பெட்டி பெட்டியாக வந்தது. கோட்டை வந்தது, விண்வெளி வந்தது, பட்டணம் வந்தது, சினிமாப் படத்திலே வருகிறவர்களின் முகம் போட்ட பெட்டியும் வந்தது. அனுபவத்திலே சொல்கிறேன், கேளுங்கள். அந்தப் பட்டணத்தைப் போல ஒரு பட்டணம் பூமியிலே உண்டா? கள்ளன் ஒருவன், அவனைப் பிடிக்கப் பொலிஸ் ஸ்ரேசன் மூன்று! அடுப்பே இல்லாத வீடுகள். ஆனால் நெருப்பணைக்க வண்டி நாலு! மீன்சந்தை உண்டா? இல்லை. பஸ் தரிப்பிடத்திலே சண்டை உண்டா? இல்லை. வெற்றிலை துப்ப ஓர் இடமாவது உண்டா? அதுவும் இல்லை! இதிலே எப்படி ஐயா மனிதன் குடியிருப்பது?

படப்பெட்டி எனக்குப் பிடிக்காது. அதிலே விலை முகத்துக்கு, கல்லுக்கு இல்லை. ஒட்டுகின்ற ஸ்ரிக்கரும் பிடிக்காது. எங்கள் சித்திரை வெயிலிலே மூலை கிளம்பி, கோபித்த மருமகனைப் போல விறைத்து நிற்கும். ஒரே துண்டாக வார்த்த கப்பல் முகப்பு அறவே பிடிக்காது. அது கப்பலுக்கு மட்டும்தான் உதவும். வீட்டிலே வைத்தால் வீடு கடலுக்குப் போகும். எனக்குப் பிடித்தது கோட்டைப் பெட்டி. ஏன்? கோட்டைக்காகவா? இல்லை, அதிலே கிடைக்கின்ற சாம்பல் நிறச் சின்னக் கற்களுக்காக! சாதாரணக் கல். பெயரில்லாத கல். அது கோட்டையும் ஆகும், கோயிலும் ஆகும், கிணற்றுக்கட்டும் ஆகும். சொன்னதைக் கேட்கும், சொல்லாததையும் கேட்கும்.

அப்படித்தான் அந்த வெளிச்சவீடு எழும்பியது. கோட்டையைக் கழற்றிப் பாறை செய்தேன். விண்வெளி ஓடத்தைக் கழற்றி வெள்ளைக் கோபுரம் செய்தேன். மூன்று பொலிஸ் ஸ்ரேசனையும் கழற்றி நீலக்கடல் செய்தேன். உச்சியிலே விளக்குக்கு என்று, என்னிடம் ஒன்றே ஒன்றாக இருந்த மஞ்சள் கண்ணாடிக் கல். சட்டைப் பொத்தான் அளவு. அதை நான் வைக்கவில்லை. ஏன்? கட்டிடம் தொடங்க அடிக்கல் நாட்டுகிறார்களே, கட்டிடம் முடிய முடிக்கல் வைத்தால் என்ன? எங்கள் தலைவர் இந்த மேடையிலே, நாடா வெட்டுவதற்குப் பதிலாக, அந்தக் கடைசிக் கல்லைத் தன் கையால் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை ஒரு தேத்தண்ணிக் கோப்பைத் தட்டிலே, பீரிசிலே, எடுத்து மேசையிலே வைத்தேன்.

அந்தப் பெட்டிகளிலே இன்னொரு படமும் உண்டு, அன்பர்களே. ஒரு குழந்தை முகம், குறுக்கே ஒரு கோடு. மூன்று வயது முடியாத பிள்ளைக்கு ஆகாது என்பது அதன் பொருள். பதினெட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த நான், அந்தக் குழந்தைப் படத்தை ஒரு நாளும் நின்று பார்க்கவில்லை.

முந்தாநாள் காலை. இந்த வாசிகசாலை விழாவுக்காக ஷாமினி மானிப்பாயிலிருந்து பிள்ளையோடு வந்திருந்தாள். நான் மேசையிலே கடைசித் திருத்தங்கள். கூரையிலே ஒன்று, மாடத்திலே ஒன்று, கோபுரம் சரிகிறது என்று அதைத் தூக்கி அடியிலே ஒரு தட்டைக் கல், கடலிலே இரண்டு. பிறகு பக்கத்து வீட்டு றமேஸ் தன் வான் வண்டியைக் கொண்டுவந்தான். சீலையால் மூடி, பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோவது போல மெல்ல மெல்ல இந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்து இறக்கினோம். திரும்பி வீட்டுக்குப் போனேன்.

பீரிசு நிலத்திலே கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்திலே கெசியா. இருமுகிறாள். இருமுகிறாள். முகம் சிவக்க, கண் பிதுங்க இருமுகிறாள். மஞ்சள் கல்லைக் காணவில்லை!

“மாமா, என்ரை பிள்ளை அதை விழுங்கிப்போட்டுது மாமா!”

சபையோரே, அந்தக் குரல் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. கட்டிலைப் புரட்டினோம், பாயை உதறினோம், விளக்குமாற்றுக்குள்ளும் பார்த்தோம். இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். செருப்புப் போனது அப்போதுதான்.

ஆஸ்பத்திரியிலே டொக்டர் அம்மா நெஞ்சிலே குழாய் வைத்துக் கேட்டார். திரும்பவும் கேட்டார். என்னைப் பார்த்தார்.

“நெஞ்சுக்குள்ளை இரைச்சல் ஒண்டு கேக்குது. பிளாஸ்ரிக் எக்ஸ்ரேயிலை தெரியாது ஐயா. மூச்சுக் குழாயுக்கை கிடக்கோ எண்டு பாக்க, பிள்ளையை மயக்கித்தான் உள்ளை கமரா விடோணும். ஆயத்தம் செய்யச் சொல்லியிருக்கிறன்.”

“வேறை வழி இல்லையோ அம்மா?”

“அந்தச் சாமான் வேறை எங்கையாவது கிடந்து எடுத்தால் மயக்கத் தேவையில்லை. எல்லா இடமும் வடிவாத் தேடினனீங்களோ?”

‘ஓம்’ என்று சொல்ல வாய் எடுத்தேன். வாய் எடுத்தவனுக்கு வேர்த்தது. இந்தக் கற்களுக்கு ஒரு குணம் உண்டு. பழகினவனுக்குத் தெரியும். பெரிய தட்டைக் கல்லை மேசையிலே வைத்து உள்ளங்கையால் அமத்தும்போது, கீழே சின்னது ஒன்று கிடந்தால், அது பெரியதின் அடிக்குள்ளே கவ்விக்கொள்ளும். சத்தமில்லாமல் கவ்வும். எத்தனை தரம் அப்படி ஒன்றைத் தொலைத்துவிட்டு சீலாவை ஏசிப் பேசியிருக்கிறேன்! பீரிசிலே இருக்கிறது என்று நான் நினைத்தது, தவறி மேசையிலே விழுந்து கிடந்திருந்தால்? காலையிலே நான் அமத்திய ஏதோ ஒரு கல்லின் அடியிலே அது இருந்தால்? வீடு முழுக்கத் தேடினோமே, வீட்டை விட்டு வானிலே வந்த வெளிச்சவீட்டைத் தேடினோமா?

மோட்டார் சைக்கிளிலே இந்த மண்டபத்துக்குப் பறந்து வந்தேன். சீலாவும் பின்னால் ஏறி வந்தாள். அருளம்பலம் அண்ணை கதிரை அடுக்கிக்கொண்டு நிற்கிறார். சீலையை இழுத்தேன். கோபுரத்தைத் தூக்கி ஆட்டினேன். சத்தமே இல்லை.

“டேய் பிறேம், என்ன செய்யிறாய்? நோட்டீஸ் அடிச்சாச்சடா!”

சொன்னேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். எங்கள் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? தோளிலே கிடந்த சால்வையை எடுத்தார். இந்த மேடையிலே விரித்தார். வேட்டியை மடித்துக்கொண்டு சம்மணம் கட்டி இருந்தார்.

“எங்கை இருந்து தொடங்கோணும்? சொல்லு.”

உண்மையைச் சொல்லவா? என் கை போய்க் கோபுரத்திலே நின்றுவிட்டது. ஒரு கணம். எத்தனை மாதம்! எத்தனை பின்னேரம்! சீலா என்னைப் பார்த்தாள்.

“நான் செய்யட்டோ?”

“நீ தொட்டால் உடையும். நான் தொட்டால் கழலும். தள்ளு!”

முதற்கல் என் கையால் வந்தது. கூரை போனது. மாடம் போனது. நான் கழற்றிக் கொடுக்க, அண்ணை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்க, சீலா கவிழ்த்துப் பார்க்க, றமேஸ் கடலைக் கழற்ற, கதிரை இறக்க வந்தவர்கள் எல்லோரும் குந்தியிருந்து பாறையைப் பிரிக்க! என்னைப் பார்த்துச் சிரித்த அத்தனை வாயும் அன்றைக்கு மூடியிருந்தது. அத்தனை கையும் திறந்திருந்தது. “இதுக்குள்ளை இல்லை.” “இதுக்குள்ளையும் இல்லை.” அது தவிர வேறு பேச்சில்லை. கோபுரம் குறையக் குறையக் குவியல் வளர்ந்தது. குவியல் வளர வளர என் நெஞ்சு குறைந்தது.

கடைசியிலே, எல்லாவற்றுக்கும் அடியிலே, காலையிலே கோபுரம் சரியாமல் நான் வைத்த தட்டைக் கல். அதை எடுத்தது சீலா. கழுவின கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்துப் பழகின கை. கவிழ்த்தாள். என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இந்தாங்கோ. உங்கடை லைற்.”

மஞ்சள்! பாறையின் பொந்துக்கு மேலே, தலைகீழாக, வௌவாலைப் போலத் தொங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது, மஞ்சள்! உச்சியிலே எரிய வேண்டியது அத்திவாரத்திலே கிடந்தது! நான் சிரித்தேனா, அழுதேனா? இரண்டையும் செய்தேன் என்று றமேஸ் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறான். சொல்லட்டும்.

டொக்டர் அம்மா அதை உள்ளங்கையிலே வாங்கிப் பார்த்தார். “உது ஒண்டுதானோ உங்களிட்டை இருந்தது?” என்று கேட்டார். “ஓம் அம்மா, உலகத்திலை எனக்கு இருந்தது உது ஒண்டுதான்” என்றேன். சிரித்தார். மயக்குவதை நிறுத்தச் சொன்னார். ஆவி பிடித்து, அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துப் பார்த்தார்கள். சளி. வெறும் சளி! சளி என்ற சொல்லிலே இவ்வளவு இனிப்பு இருக்கிறது என்று யாராவது எனக்கு முன்னமே சொன்னீர்களா? நேற்று வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். இதோ, அழுது முடித்து, ஒலிபெருக்கி வயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஷாமினி, பிடி அவளை!

இப்போது கேளுங்கள். நான் கல்லரிகிறவன். என் கொட்டிலிலே ஒரு சீமெந்துக் கல் உடைந்தால் என்ன செய்வோம்? பள்ளம் கிடங்கு நிரப்புவோம். அதற்குமேல் அது எதற்கும் உதவாது. இந்த மண்ணிலே உடைந்த சுவர்களை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? உடைந்த வீட்டின் முன்னால் நின்றவர்கள் இந்த மண்டபத்திலே எத்தனை பேர்! உடைவது வேறு; கழற்றுவது வேறு, ஐயா! உடைத்தால் கல் சாகும். கழற்றினால் கல் காத்திருக்கும். உடைக்கக் கோபம் போதும்; கழற்றப் பொறுமை வேண்டும். என் வயதிலே ஒரு கட்டிடம் தரைமட்டமாகி, அதைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்ததை முந்தாநாள்தான் முதன்முதலாகக் கண்டேன். ஒரு கல்லும் குறையவில்லை. ஒரு பிள்ளையும் குறையவில்லை! ஒரு கட்டிடம் கட்டினவனுக்கு இதைவிட என்ன பேறு வேண்டும்?

அதனால் இந்தக் குவியலைப் பார்த்துத் துக்கப்படாதீர்கள். கூட்டம் முடிய ஒவ்வொருவராக மேடைக்கு வாருங்கள். ஒவ்வொரு கல் வையுங்கள். கோணலாக வைத்தாலும் நான் பேசமாட்டேன். பேசினால் சீலாவிடம் சொல்லுங்கள். பதினெட்டு வயது தாண்டியவர்கள் முன்னால் வரலாம். பெட்டியிலே உங்களுக்கு உத்தரவு உண்டு! மூன்று வயது முடியாதவர்கள் மட்டும் தாயின் மடியை விட்டு இறங்கக் கூடாது. அந்தக் குழந்தைப் படத்தை இப்போது நான் கும்பிட்டுக்கொண்டு பார்க்கிறேன்.

ஆனால் இன்றைக்கு எங்கள் வெளிச்சவீட்டிலே விளக்கு இருக்காது. அந்த மஞ்சள் கல் அருளம்பலம் அண்ணையின் சட்டைப் பையிலே இருக்கிறது. அண்ணை, தொட்டுப் பாருங்கள். இருக்கிறதா? இருக்கிறது! அண்ணை அதை வைக்க மாட்டாராம். நேற்றே சொல்லிவிட்டார். கெசியாவுக்கு மூன்று வயது முடிகின்ற அன்று, அவளே இந்த மேடையிலே ஏறி, தன் கையாலே அதை உச்சியிலே வைப்பாள். அதுவரை வெளிச்சவீடு இருட்டிலே நிற்கட்டும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வெளிச்சம் முன்வரிசையிலே இருக்கிறது.

சால்வை விரித்த தலைவருக்கும், குந்தியிருந்து கல் பிரித்த கைகளுக்கும், முந்தாநாள் என்னைப் பேசாமல் விட்டு இன்றைக்கு வீட்டிலே வட்டியோடு பேசக் காத்திருக்கின்ற என் சீலாவுக்கும், பெயர் கேட்க மறந்து வந்த அந்த டொக்டர் அம்மாவுக்கும் நன்றி. வந்தீர்கள், சிரித்தீர்கள், என் பிள்ளையின் அழுகையைப் பொறுத்தீர்கள். வணக்கம். ஒற்றைச் செருப்பு ஒன்று வழியிலே கண்டால் மட்டும் சொல்லியனுப்புங்கள்!