மேற்கு மூலையில் பூச்சாடி

என் வாசல் மேல இருக்குற அந்தக் கண்ணாடி உங்க வீட்டைப் பாத்து மாட்டினது இல்லம்மா. அதை முதல்ல மனசுல வெச்சுக்கோ. என் வாசலுக்கு நேரா உன் வாசல் இருக்கு, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? கட்டினவனைப் போய்க் கேளு. இந்த சாம் சுய் போ பேட்டையில எந்த மாடிக்கு ஏறினாலும் ரெண்டு வாசலும் மூக்கும் மூக்கும் முட்டிக்கிட்டுதான் நிக்கும்... உள்ள வா, உள்ள வா. செருப்பை அப்படியே விடு. இல்ல, நுனி வாசலைப் பாத்து இருக்க வேணாம், திருப்பி விடு. ஆங், அவ்ளோதான்.

அங்க உக்காராதே. மேல உத்தரம் போகுது பாரு. உத்தரத்துக்குக் கீழ உக்காந்தா தலைவலி வரும். அங்கயும் வேணாம், அது எங்க வீட்டுக்காரர் இடம், அவர் உக்காந்து உக்காந்து மெத்தையே பள்ளமாயிடுச்சு, எந்திரிக்க முடியாது உன்னால. இந்த ஸ்டூல்ல உக்காரு. முதுகு சுவரோட ஒட்டி இருக்கட்டும். முதுகுக்குப் பின்னாடி சுவர் இருந்தா மலை இருக்குற மாதிரி. சூப் குடிக்கிறியா? தாமரைக் கிழங்கும் எலும்பும் போட்டு மத்தியானத்துலேர்ந்து கொதிக்குது... சரி, இறக்கினப்புறம் தரேன்.

என்ன சொன்னே? அந்தக் கண்ணாடியாலதான் உனக்கும் உன் வீட்டுக்காரனுக்கும் தினம் சண்டையா? ஏம்மா, புதுசா கல்யாணம் ஆனவங்க சண்டை போட எட்டு மூலைக் கண்ணாடி எதுக்கு? இந்தக் கட்டடத்துக் குளியலறை ஒண்ணு போதுமே. ஒருத்தர் குனிஞ்சா இன்னொருத்தர் வெளிய வந்துடணும். ஆனா நீயும் லேசுப்பட்டவ இல்ல கண்ணு. குடிவந்து ஒரு மாசம் ஆகல, பதிலுக்கு உன் வாசல்ல வாணலியைக் கவுத்து மாட்டிட்டே. அடிப்பக்கத்தைப் பளபளன்னு தேச்சு வேற வெச்சிருக்கே. என் கண்ணாடி தள்ளி விடுற கெட்டதெல்லாம் அதுல பட்டு எனக்கே திரும்பி வரட்டும்னுதானே? தெரியும் தெரியும். நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். சமைக்கிறது எதுலம்மா, பாவம்?

அந்தக் கண்ணாடி வேற ஒருத்திக்காக மாட்டினது. பேர் சொல்ல மாட்டேன். தெருமுனையில மீன் உருண்டைக் கடை வெச்சிருக்காளே, ஷெக், அவதான். அவ காத்து என் வாசல்ல நுழையக் கூடாதுன்னு மாட்டினேன். நடுவுல நீ குடிவந்துட்டே.

இரு, முதல்லேர்ந்து சொல்றேன். இல்லன்னா உனக்குப் புரியாது. எனக்கே காலைலதான் புரிஞ்சுது.

எல்லாம் என் மக யூட்-லாமுக்காக ஆரம்பிச்சது. பாத்திருப்பியே, பல் ஆஸ்பத்திரியில வேலை, உசரமா, எப்பவும் காதுல ஏதோ ஒண்ணைச் சொருகிக்கிட்டு. முப்பத்திரண்டு முடிஞ்சுடுச்சும்மா. ஒருத்தனைக் கூட இந்த வாசப்படி ஏத்தல. கேட்டா, வேலை முடிஞ்சு வந்தா நாள் பூரா வாயைத் திறந்த ஆம்பளைங்களைத்தானே பாத்துட்டு வரேன், வீட்லயும் வேணுமாங்கிறா. இது ஒரு பேச்சா? எனக்குத் தூக்கம் போச்சு. என் கூடப் படிச்சவ, நான் படிப்பை நிறுத்தினப்பவே அவளும் நிறுத்திட்டா, ரெண்டு பேரும் ஒரே பிளாஸ்டிக் பூ கம்பெனிக்குப் போனோம், அவளுக்குப் பேரன் பள்ளிக்கூடமே போறான். சந்தையில பாக்குறப்பல்லாம் போனை நீட்டிடுவா, பேரன் நீச்சலடிக்கிறான், பேரன் பியானோ வாசிக்கிறான்னு. நான் கீரைக்கட்டைப் பாக்குற மாதிரி குனிஞ்சுக்குவேன்.

அதனாலதான் பூச்சாடி வெச்சேன். உனக்குத் தெரியாததா? பொறந்த வருசத்தைப் பொறுத்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு திசையில பீச் பூ யோகம். அந்த மூலையில சாடி வெச்சு, முள்ளில்லாத பூவா போட்டு, தண்ணி அழுகாம மாத்திக்கிட்டே வந்தா காதல் கதவைத் தட்டும். யூட்-லாம் டிராகன் வருசம். டிராகனுக்கு மேற்கு. நம்ம வீட்ல மேற்கு எங்க இருக்கு சொல்லு பாப்போம்? அதோ, ஃபிரிட்ஜ் மேல. வேற இடம் கிடையாது. ஃபிரிட்ஜ் கதவைச் சாத்துறப்பல்லாம் சாடி ஆடும், நான் ஒரு கையால அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் முட்டையே எடுப்பேன்.

வெச்சேன். புது வருசம் முடிஞ்ச கையோட வெச்சேன். லில்லிப்பூ, ரோஜான்னா முள்ளை நானே நகத்தால கிள்ளி எடுத்துடுவேன். காத்திருந்தேன். கதவை யாரும் தட்டல. ஆனா வீட்ல ஒரு ஆள் மாற ஆரம்பிச்சார்மா. எங்க வீட்டுக்காரர்.

நீ அவரை இப்பதான் பாக்குறே, அதனால உனக்கு வித்தியாசம் தெரியாது. சிவப்பு மினிபஸ் ஓட்டினவர் அவர். வேலையை விட்டு வீட்ல உக்காந்ததுலேர்ந்து பனியனும் அரைக்கால் டவுசருமா குதிரைப் பந்தயப் பேப்பரைப் பாத்துக்கிட்டுக் கிடந்தார். சீப்புன்னா என்னன்னு கேப்பார். அந்த மனுசன் ஒருநாள் காலைல தலைக்கு மை அடிச்சுட்டு வந்து நிக்கிறார். தலையணை உறையெல்லாம் கறுப்பு. அடுத்தது செண்ட். அடுத்தது வெள்ளைப் பேண்ட். வெள்ளைப் பேண்ட்மா, அறுபது தாண்டின ஆளுக்கு. எங்க போறீங்கன்னு கேட்டா, பூங்காவுக்கு, டான்ஸ் கத்துக்கிறேங்கிறார். யார் சொல்லித் தர்றா? ஷெக். மீன் உருண்டை ஷெக், சாயங்காலம் கடையை மருமககிட்ட விட்டுட்டுப் பூங்காவுல ஒலிபெருக்கியை வெச்சு எல்லாரையும் ஆட்டி வெக்கிறா. கேக்குதா? அதோ, அந்த தும் தும்முனு வர்றது. அவ போடுற பாட்டுதான்.

எனக்கு வயிறு எரிஞ்சுது. உடனே வீட்டைத் திருப்பிப் போட்டேன். பீரோ கண்ணாடி கட்டிலைப் பாத்து இருந்துச்சு. கண்ணாடி கட்டிலைப் பாத்தா மூணாவது ஆள் வந்து சேரும்னு சொல்லுவாங்க, அதுக்கு மேல போர்வையைப் போட்டு மூடினேன். ராத்திரி எந்திரிச்சவர் அதைப் பாத்து யாரோ நிக்கிறாங்கன்னு கத்திட்டார். கட்டிலைத் திருப்பினேன். திருப்பினதுல கதவு பாதிதான் திறக்குது. யூட்-லாம் ஒருக்களிச்சு நுழையுறா. சரி, வெளிய இருந்து வர்றதைத் தடுப்போம்னு வாசல்ல எட்டு மூலைக் கண்ணாடி. இவ்வளவும் பண்ணி அந்த மனுசன் அடங்கினாரா? பாட்டு முணுமுணுத்துக்கிட்டே பல்லு விளக்குறார்.

அப்ப நான் என்ன நினைச்சேன்? வீட்ல யோகம் குறைஞ்சு போச்சு, அதான் பொண்ணுக்கும் வரன் வரல, புருசனும் கையை விட்டுப் போறார்னு நினைச்சு, சாடியில பூவை ரெட்டிப்பாக்கினேன். அவர் அடுத்த நாளே புது ஷூ வாங்கிட்டு வந்தார். நான் இன்னும் பூ வெச்சேன். அவர் தொப்பியைக் கழட்டிக் குனிஞ்சு வணக்கம் சொல்லிப் பழகுறார், சமையலறையில, அரிசி குக்கரைப் பாத்து.

சிரிக்காதே. சிரிச்சா சூப் கிடையாது.

இன்னிக்குக் காலைல லூய் மாஸ்டரைக் கூட்டிட்டு வந்தேன். வீட்டுக்குத் திசை, வாஸ்து பாக்குறவர், பெரிய கை, லேசுல வர மாட்டார். திசைகாட்டியை எடுத்துக்கிட்டு நாலு எட்டு வெச்சார், வீடு முடிஞ்சு போச்சு. ஃபிரிட்ஜ் முன்னாடி நின்னு, இது யாருக்குன்னார். மகளுக்குன்னேன். எப்பப் பொறந்தான்னார். புது வருசத்துக்கு முந்தின நாள், எல்லாரும் விருந்துக்கு உக்காந்தாச்சு, நான் மீன்ல கை வெக்கிறேன், வலி வந்துடுச்சு, டிராகன் வருசத்தோட கடைசி நாள்ல புடிச்சுக்கிட்டுப் பொறந்தவன்னு பெருமையா சொன்னேன். அவர் ஒரு மாதிரி பாத்தார். ஏம்மா, வெடி வெடிச்சா வருசம் பொறக்கும்னு யார் சொன்னா, எங்க கணக்குல வசந்தம் தொடங்குற நாள்தான் வருசப் பொறப்பு, அந்த வருசம் அது அவ பொறக்குறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு, உன் பொண்ணு டிராகன் இல்ல, பாம்புன்னார்.

பாம்பு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? முப்பத்திரண்டு வருசமா டிராகன் டிராகன்னு கழுத்துல தங்கத்துல ஒண்ணு மாட்டி, தலையணையில பூவேலை பண்ணி... சரி, அது போகட்டும். பாம்புக்குத் தெற்கு. மேற்கு இல்ல. அப்ப இத்தனை மாசமா யாரோட பூவுக்கம்மா தண்ணி ஊத்தினேன்னு அவரே கேக்குறார். இந்த வீட்ல குரங்கு வருசம் யாருன்னார். எங்க வீட்டுக்காரர்னேன். குரங்குக்கும் மேற்குதான்னார்.

புரியுதா உனக்கு? நான்தான். என் கையால. முள்ளைக் கிள்ளிக் கிள்ளி என் புருசனுக்குக் காதல் யோகத்தை வளத்து விட்டிருக்கேன். ஷெக் ஒண்ணுமே பண்ணல. அவ பாட்டுக்கு மீன் உருண்டை வித்துக்கிட்டு இருந்தவ. லூய் மாஸ்டர் சிரிச்ச சிரிப்புல திசைகாட்டி முள்ளே நிக்க மாட்டேங்குது. எனக்கு வந்த கோபத்துல சாடியைத் தூக்கி ஜன்னல் வழியா போட்டிருப்பேன், கீழ ஆள் நடமாடுது, அதனால விட்டேன்.

இப்பச் சொல்லு, இந்தக் கண்ணாடியை நான் கழட்டலாமா? கழட்டினா நாளைக்கே அவ நேரா உள்ள வந்து அந்த பள்ளம் விழுந்த மெத்தையில உக்காந்துடுவா. சாடியைத் தூக்கிட்டேன்னு வை, இத்தனை மாசம் ஊறினது ஒரே நாள்ல வத்திடுமா? எனக்கு வேண்டியது ஒண்ணுதான் கண்ணு. அந்த மனுசன் எனக்குத் திரும்பி வரணும். பனியனோட வந்தாலும் சரி...

என்ன கேட்டே? நான் என்ன வருசமா? என் வருசத்தை யாரு கேட்டா? லூய் மாஸ்டரே கேக்கல. எனக்குப் பூ வெக்கிற வயசா இது? டிராகன்தான். நிஜ டிராகன், கோடையில பொறந்தவ, எந்தக் கணக்குலயும் தப்பாது. ஏன்?

ஏன் அப்படிப் பாக்குறே?

டிராகனுக்கு மேற்கு. ஆமா. குரங்குக்கும் மேற்கு. ஆமா, ரெண்டு பேருக்கும் ஒரே மூலை... அதனால என்ன? சாடி எனக்கும் வேலை செஞ்சிருக்கும்னு சொல்றியா? போம்மா. எனக்கு என்ன நடந்துச்சு? எந்தக் காதல் வந்துச்சு? நான் பாட்டுக்கு நாள் பூரா வயிறு எரிஞ்சுக்கிட்டுத்தான்...

ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேனா? எப்ப? நீ வந்ததுலேர்ந்தா? பேசிக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேனா? ஆமா பாப்பேன். அவர் எந்தப் பக்கம் வர்றார், கூட யார் வர்றான்னு பாக்க வேணாமா? தினம்தான் பாக்குறேன். சாயங்காலம் ஆச்சுன்னா இங்க வந்து நின்னுடுவேன். கூட்டத்துல அந்த வெள்ளைப் பேண்ட் எங்கன்னு தேடுவேன். கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல அந்த மனுசன் எப்ப வர்றார்னு ஒரு நாள் இப்படி நின்னது கிடையாதும்மா. பஸ்ஸோட எங்கயாவது கிடப்பார், வருவார், சோறு போடுவேன், முடிஞ்சுது. இப்பதான்... இப்பதான் நெஞ்சு அடிச்சுக்குது, அவர் தெரு திரும்புறதைப் பாத்தா.

ஐயோ.

நேத்து கூட மார்க்கெட்டுல நின்னு உதட்டுச் சாயம் வாங்கினேன். கோபத்துலதான் வாங்கினேன். ஷெக் பூசிக்கிறாளே, நான் என்ன குறைஞ்சவளான்னு.

அவர் கூப்பிடாமலா இருந்தார்? தினம் கூப்பிடுறார். வாயேன், ஒரு தடவை வந்து பாரேங்கிறார். என் வாயை அடைக்கக் கூப்பிடுறார்னு நான் முட்டிவலின்னுடுவேன். போன வாரம் வந்து, நிலாப் பண்டிகைக்கு சமூகக் கூடத்துல ஜோடி நடனமாம், ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன், எனக்குக் காலு சொன்னபடி வராதுன்னுதான் முன்னாடியே பழகிட்டு இருக்கேங்கிறார். உங்க ஷெக்கோட போய் ஆடுங்கன்னு கதவைச் சாத்தினேன். பாதிதான் திறக்குற கதவு, சத்தமா சாத்தக் கூட முடியல. அவர் பாவம் வெளிய நின்னு, ரெண்டு பேர்னா நீயும் நானும்டி, வேற யாருன்னு...

அந்த சாடி என்ன வேலை பாத்திருக்கு பாரு.

எங்க அந்தக் குச்சி? இதால மேல தூக்கினா கண்ணாடி கழண்டு வந்துடும். புடிச்சுக்கோ, புடிச்சுக்கோ. இந்தா, நீயே எடுத்துட்டுப் போ, குளியலறையில மாட்டிக்கோ. ஷெக் வரணும்னா வந்துட்டுப் போறா, அவளுக்கும் சூப் ஊத்துறேன், என் வீட்டுக்காரரைக் காலை மிதிக்காம ஆட வெச்சிருக்கா. நீ முதல்ல போய் வாணலியை இறக்கி உன் புருசனுக்கு ஏதாவது வதக்கிப் போடு, சண்டை தானா நிக்கும்.

இந்த உதடு சரியா இருக்கா? பக்கத்துல வழியுதா? வழிஞ்சா வழியட்டும், பூங்காவுல வெளிச்சம் கம்மிதான்.

சாடியா? தெற்குக்கு மாத்தணும்தான். மாஸ்டர் சொல்லிட்டுப் போயிருக்கார். இன்னொரு சாடி வாங்கலாமேங்கிறியா? வாங்கலாம். தெற்குல வாஷிங் மெஷின் இருக்கு, அது ஓடுறப்ப வீடே நடுங்கும், அதுக்கு ஒரு வழி பண்ணணும். பண்ணலாம், எல்லாம் நிலாப் பண்டிகை முடியட்டும். யூட்-லாமுக்கு இப்ப என்னம்மா அவசரம், முப்பத்திரண்டுதானே ஆகுது, சின்னப் பொண்ணு.

நான் கிளம்புறேன், பாட்டு மாறிடுச்சு. நீ அடுப்பை அணைச்சு சூப்பை ஊத்திக் குடி, போறப்ப கதவை இழுத்துச் சாத்து. அந்தச் சாடிக்கு மட்டும் தண்ணி மாத்திட்டுப் போயிடு கண்ணு, காலைல இருந்த கோபத்துல மாத்தாம விட்டுட்டேன்.