பெரியண்ணனுக்கு ஒரு முகம்

சங்கரன்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நரைத்த தலையோடு அண்ணன் தம்பி இரண்டு பேர்.

"இவன போட்டோ எடுத்து, அதுல மிலிட்டரி சட்டைய மாட்டிவிடுங்க," என்றார் அண்ணன். "சண்டைல செத்த எங்க பெரியண்ணனுக்குப் படம் வேணும். இருந்த ஒண்ணையும் கரையான் அரிச்சிட்டு. நாளைக்கு ஸ்கூல்ல எங்கூர் பட்டாளத்துக்காரங்க படத்தையெல்லாம் மாட்டுதாவ. இவன் அவன அப்படியே உரிச்சு வச்சிருக்கான்."

"சாகும்போது அவருக்கு என்ன வயசு அண்ணாச்சி?"

"இருபத்திரண்டு."

போட்டோக்காரர் தம்பியைப் பார்த்தார். எழுபது இருக்கும்.

"மீசைய கறுப்பாக்கிரலாம். கன்னத்த என்ன செய்ய?"

"ஏலே, மூச்சப் பிடிச்சு கன்னத்த உப்புலே."

தம்பிக்கு வேறு கவலை. "ண்ணே, எல்லாரும் என் மூஞ்சிக்குலா மால போடுவாங்க! நான் உயிரோட இருக்கேன்."

"போடட்டும்ல. பெரியவன் உடம்பே ஊருக்கு வரல. அவனுக்குன்னு ஒரு மால இன்னும் விழல."

தம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெரியண்ணனுக்கு எப்பவும் சிரிச்ச மொகம்லா? சிரிக்கட்டா?"

"சிரி. வாயத் தொறந்துராத. அவனுக்குப் பல்லெல்லாம் இருந்துச்சு."