கம்பிப் பை

இல்லண்ணே, சுத்தியல் இருக்கு. முளை அடிக்கிறதெல்லாம் அப்புறம், முதல்ல கம்பி வேணுமே! துணி இருக்கு, கயிறு இருக்கு, கூடாரத்தை நிமிர்த்தி நிறுத்துற கம்பியைக் காணோம். விடிய கிளம்பி இவ்ளோ தூரம் வண்டி ஓட்டி, ஏரிக்கரைல வந்து பையைப் பிரிச்சா இந்த லட்சணம்.

வண்டிக்குள்ள உர்ருன்னு உட்கார்ந்திருக்காளே, அது என் பொண்ணு. கூடாரம் நின்னாத்தான் இறங்குவாளாம். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசணுமே! ஏரியைப் பார்த்தா சிரிப்பான்னு நினைச்சேன். அக்கரையே தெரியாம கடல் மாதிரி கிடக்கு, அவ திரும்பிக்கூடப் பார்க்கல.

கம்பியா? அது அவ அம்மா வீட்ல இருக்கு. ஆமாண்ணே, நாங்க டைவர்ஸ் வாங்கிப் பிரிஞ்சு ஒரு வருஷமாச்சு. சண்டை சச்சரவில்லாமத்தான் சாமானைப் பிரிச்சோம். கூடாரத்தை நீங்களே வச்சுக்குங்கன்னு அவளேதான் சொன்னா. அப்புறம் கம்பிப் பை மட்டும் எங்க போச்சுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டேன். இப்பதான் நம்ம மகராசி வாயைத் திறந்தா. நாந்தான் அம்மா பெட்டியில ஒளிச்சு வச்சேன், இனி ஒருத்தர் இல்லாம ஒருத்தர் எப்படிக் கூடாரம் போடுவீங்கங்கிறா. திட்டவும் வரல, சிரிக்கவும் வரல.

அம்மாவுக்குப் போன் போடுங்கப்பா, எடுத்துட்டு வருவாங்கன்னு ஒரே பிடிவாதம். சிக்னல் இல்லம்மான்னு புளுகிட்டேன்.

என்னது, ரெண்டு மரத்துக்கும் நடுவுல கயிறு கட்டித் துணியைப் போட்டுடலாமா? அட, இது எனக்குத் தோணலையே! அந்த முனையைப் பிடிங்க. உங்க கூடாரத்துல அண்ணிகிட்ட ஒரு வாய் டீ இருந்தா அவளுக்குக் குடுக்கச் சொல்லுங்க. காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. அண்ணிகிட்டயாவது பேசுறாளா பார்ப்போம்.

போன் போட்டா என்னவா? போட்டாலும் எடுக்க மாட்டாண்ணே. இன்னைக்கு இவ அம்மாவுக்குக் கல்யாணம். கூட வேலை பார்க்கிறவர்தான், நல்ல மனுசன். குறை சொல்ல ஒண்ணுமில்ல. புள்ளைகிட்ட என்னால சொல்ல முடியல, நீங்க எங்கயாவது கூட்டிட்டுப் போய் பக்குவமா சொல்லிடுங்கன்னு அழுதா. நானும் சரின்னுட்டேன், இன்னும் சொன்னபாடில்ல.

ஐயோ, அவ்ளோ வேகமா இழுக்காதீங்கண்ணே. மெதுவா, மெதுவா. கூடாரம் நின்னா அவ இறங்கி வந்துடுவா.